முதல் ஓராண்டுக்கான பணம்: பினாங்கும் பிட்சிங் மானியமும்

பிட்சிங் மானியம் என்பது, தொடக்க நிலையில் உள்ள ஒரு ஸ்டார்ட்அப் தன் யோசனையை நடுவர் குழுவின் முன் சில நிமிடங்களில் விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மற்றவர்களோடு போட்டியிட்டுப் பெறும் நிதி. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. நிறுவனத்தின் பங்குகளையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மலேசிய அரசின் சிறுகடன் நிறுவனமான தெக்குன், இந்தியத் தொழில்முனைவோருக்கு வழங்கும் ஸ்பூமி போன்ற கடன்களிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். கடனுக்கு மாதத் தவணை உண்டு. இன்னும் ஒரு பிரதிகூட விற்காத மென்பொருளை வைத்துக்கொண்டு எவராலும் தவணை கட்ட முடியாது.

இந்த வழக்கம் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 1990-இல் தொடங்கிய தொழில்திட்டப் போட்டியின் பரிசு 10,000 டாலர். 2011-இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் போட்டியில், மலேசிய மாணவர்களான அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும் வாடகைக் கார் அழைக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்து இரண்டாம் இடம் பெற்றனர். அது 2012-இல் மைதெக்சியாகக் கோலாலம்பூரில் சாலைக்கு வந்தது. பின்னர் கிராப் ஆனது. மைதெக்சிக்குத் தொடக்கத்தில் கைகொடுத்தவற்றுள் மலேசியாவின் கிரேடல் மானியமும் ஒன்று.

கிரேடல் ஃபண்ட் 2003-இல் நிதியமைச்சின் கீழ் அமைக்கப்பட்டது. இப்போது அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதன் சிஐபி ஸ்பார்க் திட்டம் மாதிரிப் பொருளை உருவாக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு 150,000 ரிங்கிட் வரை தருகிறது. உருவாக்கிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல சிஐபி ஸ்பிரின்ட் திட்டத்தில் 600,000 ரிங்கிட் வரை கிடைக்கும். நிறுவனத்தின் பெரும்பங்கு மலேசியர்களிடம் இருக்க வேண்டும். விண்ணப்பம் முதல் வடிகட்டலைத் தாண்டிய பிறகே மதிப்பீட்டாளர் குழுவின் முன் பேசும் வாய்ப்பு வரும்.

150,000 ரிங்கிட் எவ்வளவு காலம் தாங்கும்? நிறுவனர் இருவர், நிரலாளர் ஒருவர், ஆளுக்கு மாதம் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் சம்பளம் மட்டுமே 12,000. பன்னிரண்டரை மாதங்களில் பணம் தீர்ந்துவிடும். வாடகை, கணினி, சர்வர் செலவு சேர்ந்தால் பத்து மாதம்கூட வராது. ஆக, மானியம் வாங்கித் தருவது ஏறக்குறைய ஓராண்டு அவகாசம். வீட்டுச் செலவுக்காக வேறு வேலைக்குப் போய்விடாமல், ஒரே பொருளில் கவனத்தை வைக்க அந்த ஓராண்டு உதவுகிறது. வசதியான குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கு இது சின்ன உதவியல்ல.

பினாங்கில் இத்தகைய முயற்சிகளுக்கு நிலம் ஏற்கெனவே பதமாக இருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானபோது இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கேதான் அமைத்தது. ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி போன்றவையும் வந்தன. உற்பத்தி வரிசையில் எங்கே நேரம் வீணாகிறது என்று பார்த்துப் பழகிய பொறியாளர்கள் ஒரு தலைமுறைக்குள் பெருகினர். 2000-இல் தொடங்கிய விட்ராக்ஸ், சில்லுகளில் உள்ள குறைகளைக் கேமரா வழியே கண்டுபிடிக்கும் இயந்திரங்களைச் செய்து, ஐந்தே ஆண்டுகளில் பங்குச் சந்தைக்கு வந்தது. பிக்டோசார்ட் 2012-இல் வெளிவந்தது. வடிவமைப்பாளர் இல்லாத அலுவலகத்தில்கூட அறிக்கைகளைப் படவிளக்கமாக மாற்றித் தரும் இந்தச் சேவையைக் கோ ஐ சிங்கும் ஆண்ட்ரியா ஸாஜியாவும் பினாங்கிலிருந்தே உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள்.

இவையெல்லாம் உற்பத்தித்திறனை உயர்த்தும் பொருள்கள். ஆனால் உற்பத்தித்திறன் என்றதும் ஆலையை மட்டும் நினைப்பது பாதிப் பார்வைதான். உற்பத்தித்திறன் என்பது ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு மதிப்பு கூடுகிறது என்ற கணக்கு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 40 விலைப்பட்டியல்கள்; ஒவ்வொன்றையும் கையால் எழுதி, மீண்டும் கணினியில் ஏற்ற 6 நிமிடம் என்றால் மொத்தம் 4 மணி நேரம். அதை 2 நிமிடமாகக் குறைக்கும் செயலி, நாளுக்கு 2 மணி 40 நிமிடத்தை மிச்சப்படுத்தும். மிச்சமான நேரத்தில் கணக்கர் பாக்கி வசூலிக்கப் போனாலோ, புதிய வாடிக்கையாளரைத் தேடினாலோ உற்பத்தித்திறன் உயரும். சும்மா உட்கார்ந்திருந்தால் உயராது. பெரும்பாலான பிட்சிங் உரைகள் நேரம் மிச்சமாகும் என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த நேரம் எங்கே போகும் என்று காட்டுவதில்லை.

நடுவர்களை நம்பவைக்க வேண்டிய இடமும் இதுவே. பேச்சுத் திறமை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே ஒரு கடையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, செயலிக்கு முன்னும் பின்னும் அளந்த எண்கள், உலகச் சந்தை இத்தனை பில்லியன் டாலர் என்று காட்டும் எந்தச் சிலைடைவிடவும் கனமானவை. அந்தக் கடைக்காரர் மாதம் 50 ரிங்கிட்டாவது கட்டணம் செலுத்தத் தொடங்கியிருந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழா. ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தங்களைக் கணக்கிடும் சம்பளச் செயலியாக இருந்தால், மலாயும் ஆங்கிலமும் போக, தமிழிலும் திரை இருப்பது கூடுதல் அழகுக்காக அல்ல. தமிழில் கணக்கு எழுதிப் பழகிய முதலாளி, பிறர் உதவியின்றித் தானே பயன்படுத்தும் பொருளுக்குத்தான் அடுத்த மாதமும் பணம் கட்டுவார்.

வாங்குபவர் பக்கமும் அரசு கைகொடுத்திருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் மின்னிலக்கக் கருவிகளை வாங்க, செலவில் பாதியை, 5,000 ரிங்கிட் வரை ஈடுசெய்யும் மானியம் 2020-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதில் விற்பனைமுனைக் கருவி, சம்பளக் கணக்கு, கணக்கியல் மென்பொருள் முதலியவை அடங்கும். பிட்சிங் மானியம் பொருளை உருவாக்க உதவுகிறது. இது அதன் முதல் வாடிக்கையாளரை உருவாக்க உதவுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துத் திட்டமிடும் ஸ்டார்ட்அப் தன் ஓராண்டை நன்றாகப் பயன்படுத்தியதாகும். உள்நாட்டு வருமானவரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் விதி, விலைப்பட்டியல் செயலிகளுக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் அது கட்டாயமானது. பிறகு படிப்படியாகச் சிறிய நிறுவனங்களை நோக்கி இறங்கியது.

மானியப் போட்டியில் வெற்றி பெற்றதும் முழுத்தொகையும் கைக்கு வந்துவிடாது. ஒப்பந்தத்தில் குறித்த கட்டங்களை முடிக்க முடிக்க, பணம் தவணைகளாக விடுவிக்கப்படும். மாதிரிப் பொருள் தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும். ஆனால் சம்பள நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. ஆகவே குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான சொந்தக் கையிருப்போடு போட்டிக்குள் இறங்குவது நல்லது. செலவுச் சீட்டுகளை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு தவணைக்கும் அவையே சான்று. நிறுவனர்களுக்கிடையே பங்கு யாருக்கு எவ்வளவு, மென்பொருள் யாருடைய சொத்து என்பதை எழுத்தில் வைத்துக் கையெழுத்திடுவது, விண்ணப்பத்துக்கு முன்பே முடியவேண்டிய வேலை.