வெந்நீருக்கு ஹீட் பம்ப் வாங்கலாமா? முதலில் மின்கட்டண பில்லைப் பாருங்கள்

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு அரசாங்கமே பணம் கொடுத்து உதவுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயு பாய்லரை மாற்றி இதைப் பொருத்தும் வீட்டுக்காரருக்கு 7,500 பவுண்டு வரை மானியம் உண்டு.

பினாங்கு வெயிலில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் அவசியமில்லை. ஆனால், குளிக்க வெந்நீர் பலருக்கு வேண்டும். அதற்கான ஹீட் பம்ப் கருவிகள் மலேசியாவிலும் விற்பனையில் இருக்கின்றன. சில ஆயிரம் ரிங்கிட் செலவழித்து அதை வாங்குவது ஒரு சாதாரணக் குடும்பத்திற்குக் கட்டுமா?

எப்படி வேலை செய்கிறது?

நம் வீட்டு ஏர்கோனும் ஒரு வகை ஹீட் பம்ப்தான். அது அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெந்நீர் ஹீட் பம்ப், வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் சேர்க்கிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். காற்று சூடாக இருக்க இருக்க அதன் திறன் கூடும் என்பதால் நம் ஊர் அதற்கு ஏற்ற இடமே.

நாம் இப்போது குளியலறையில் வைத்திருக்கும் வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட் அளவுடையது. பத்து நிமிடம் ஓடினால் 0.6 யூனிட் செலவாகும். ஐந்து பேர் தினமும் ஒரு முறை குளித்தால் மாதத்திற்கு 90 யூனிட். ஹீட் பம்ப் இதே வேலையை 30 யூனிட்டில் முடிக்கும். மிச்சம் 60 யூனிட்.

பில்லில் இருக்கும் ஊக்கத்தொகை

அந்த 60 யூனிட்டின் மதிப்பு என்ன என்பதை மின்கட்டண பில்தான் சொல்லும். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண முறை நடப்பில் உள்ளது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். ஆக, யூனிட்டுக்கு 44.43 சென்.

இதிலிருந்து, மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோருக்கு ஆற்றல் சேமிப்பு ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. 200 யூனிட் வரை என்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 301 முதல் 350 வரை 21 சென். 351 முதல் 400 வரை 17 சென். 900 யூனிட்டைத் தாண்டினால் வெறும் அரை சென்தான். கவனிக்க வேண்டியது, இந்தக் கழிவு அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு யூனிட் கூடிப் படி தாண்டினாலும் முழு பில்லும் ஏறும்.

மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 109.72 ரிங்கிட். ஹீட் பம்ப் வாங்கி 340 யூனிட்டாகக் குறைத்தால் 79.66 ரிங்கிட். மாதம் 30 ரிங்கிட் மிச்சம். கருவியும் பொருத்தும் செலவும் சேர்ந்து 5,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணத்தை எடுக்க ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும். தொட்டியில் ஆறிப்போகும் வெப்பத்தையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.

இதே வீட்டில் எதையும் வாங்காமல், ஹீட்டர் ஓடும் நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தால் 355 யூனிட். பில் 97.38 ரிங்கிட். சில இரவுகளில் ஏர்கோனை ஓரிரு மணி நேரம் முன்னதாக நிறுத்தி இன்னும் ஐந்து யூனிட் குறைத்தால் பில் 82 ரிங்கிட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் கடைசி ஐந்து யூனிட்டுக்கு மட்டும் 15 ரிங்கிட் மிச்சம்!

யாருக்குப் பொருந்தும்?

தினமும் நிறைய வெந்நீர் செலவாகும் இடங்களுக்கு ஹீட் பம்ப் நல்ல முதலீடு. தங்கும் விடுதிகள், முதியோர் இல்லங்கள், பல குளியலறைகள் கொண்ட கூட்டுக் குடும்ப வீடுகள் அந்த வகையில் சேரும். அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைக்க இடம் தேடுவதே சிரமம். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

கூரையில் சூரியசக்தித் தகடு பொருத்துவோருக்கு 4,000 ரிங்கிட் வரை கழிவு தந்த சோலாரிஸ் திட்டம் 2024-இல் வந்தது. உபரி மின்சாரத்தை ஒன்றுக்கு ஒன்றாகக் கழித்துக் கொடுத்த நெம் ரக்யாட் திட்டத்திற்கான விண்ணப்பம் 2025 ஜூன் 30-உடன் முடிந்தது. அதற்கு அடுத்து வந்ததே சோலார் அத்தாப் திட்டம். எல்லாமே சொந்தக் கூரை உள்ளவர்களுக்கானவை. அடுக்குமாடிவாசிகளுக்கு அது எட்டாது. யுனெஸ்கோ 2008-இல் பாரம்பரியத் தளமாக அறிவித்த ஜோர்ஜ்டவுன் பகுதியிலுள்ள பழைய கடைவீடுகளிலோ, கூரையில் கை வைக்க மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை.

ஆகவே, கூரை இல்லாதவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கைக்கு எட்டும் சலுகை, மின்கட்டண பில்லிலேயே இருக்கிறது. அதற்கு விண்ணப்பப் பாரம் தேவையில்லை. 200-லிருந்து 900 யூனிட் வரை 50 யூனிட்டுக்கு ஒரு படி. உங்கள் வீட்டுப் பயன்பாடு எந்தப் படியில் நிற்கிறது, கீழ்ப்படிக்கு இறங்க எத்தனை யூனிட் குறைய வேண்டும் என்று பாருங்கள். 600 யூனிட்டைத் தாண்டாவிட்டால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் கிடையாது.

அதன் பிறகும் ஹீட் பம்ப் வாங்க நினைத்தால், தொட்டி எத்தனை லிட்டர், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம், கம்ப்ரஸருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்ற மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.