மாற்றிப் பூட்டிய நீரிறைக்கும் எஞ்சின் வேகத்தில் வெடி தவறுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கித் தங்குகின்றது. அதனைக் கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கின்றோம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த முறை 1950களிலும் 1960களிலும் படிப்படியாகக் குறைந்து, நீர்ப்பம்பி அதன் இடத்தைப் பெற்றது. ஆகவே கோடை வெயிலில் வெங்காயத் தறைக்கு நீர் பாய்ச்ச வேண்டிய நாளில் எஞ்சின் இடறுமாயின், அதனாற் கெடுவது பயிரேயாகும்.

பழைய எஞ்சின் தேய்ந்தபின் வேறோர் எஞ்சினை அதே பம்பியிற் பூட்டுவது கமக்காரரிடையே வழக்கம். அவ்வாறு பூட்டிய எஞ்சின் மெதுவாக ஓடும்போது சீராக ஓடி, வேகத்தைக் கூட்டியவுடன் வெடி தவறித் திணறுவதுண்டு. இதனையே "மிஸ் பண்ணுகிறது" என்கின்றனர். உடனே விற்றவரைக் குறை கூறுவதும், எஞ்சினின் தலையைக் கழற்றுவதும் நன்றன்று. பழையபடியே விடப்பட்ட உறுப்புகளையும், புதிதாக இணைத்த இடங்களையும் முதலிற் சோதிக்க வேண்டும்.

குறை வேகத்தினால் வருகின்றதா, சுமையினால் வருகின்றதா என்பதை முதலில் அறிக. பட்டி பூட்டிய பம்பியாயின் பட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினை அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். (நேரே இணைத்த பம்பியை நீரின்றி ஓட்டலாகாது; அதன் சீல் கருகிவிடும்.) சுமையின்றிச் சீராக ஓடி, சுமையேற்றியதும் தவறினால் எரிபொருட் குறைவையோ தீப்பொறியின் வலுக்குறைவையோ ஐயுற வேண்டும். சுமையில்லாதபோதும் தவறினால் நிறுத்தும் ஆளியின் கம்பி, பொயின்ற், வால்வுச் சுருள்வில் ஆகியவற்றை நாடுக. வெடி தவறாது முனகி வேகம் இழக்கும் எஞ்சினின் கதை வேறு. புதிய எஞ்சின் பழையதிலும் விரைவாகச் சுழல்வதாயிருக்க, கப்பியை மாற்றாது விட்டிருப்பர். பம்பியின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அதற்கு வேண்டிய வலு ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடிவிடும்.

எரிபொருளைச் சோதிப்பது எளிது. ஐந்து குதிரைவலு எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 2 லீற்றர் வரை குடிக்கும். அதாவது நிமிடத்திற்கு 30 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். எஞ்சின் ஆறியபின், நெருப்புக்கு அப்பால், காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு நிமிடம் குவளையில் ஏந்துக. தேநீர்க் குவளை நிரம்பினால் குறையில்லை. சொட்டுச் சொட்டாக விழுமாயின் தாங்கியின் அடியிற் படிந்த கசடு, அடைத்த வடி, வளைந்து காற்றுத் தங்கிய குழாய், காபரேற்றரின் மட்டத்திற்குத் தாழ வைத்த தாங்கி ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும். செலவைச் சுருக்கப் பழைய தாங்கியையே பூட்டியவர்கள் அதனைக் கழுவாது விடுதல் பெருந்தவறு. தாங்கி மூடியிலுள்ள நுண்துளையையும் மறவற்க. அது அடைபட்டால் எஞ்சின் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின்னரே திணறும். மூடியைத் தளர்த்தியதும் சீராகும்.

அடுத்தது தீப்பொறி. மக்னீற்றோ எஞ்சினில் நிறுத்தும் ஆளியின் கம்பி இரும்பில் முட்டினால் தீப்பொறி அற்றுப்போகும். எஞ்சின் மாற்றும்போது இக்கம்பியை இழுத்துக் கட்டிவிடுவர். அதன் உறை உரசித் தேய்ந்து, வேகத்தின் அதிர்விலே மட்டும் முட்டும். கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஆளி வேலை செய்யாதாகையால் சோக்கை மூடியோ எரிபொருளை அடைத்தோ எஞ்சினை நிறுத்துக. எண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் அமைப்புள்ள எஞ்சினைச் சரிவான படுக்கையிற் பூட்டினாலும் தீப்பொறி தடைப்படலாம். பொயின்றுள்ள பழைய எஞ்சின்களில் அதன் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். பழைய எஞ்சினின் பிளக்கைப் புதியதிற் பொருத்தலாகாது. மரை ஒன்றாயினும் நீளமும் வெப்பத்தரமும் வேறாகலாம். வால்வின் இடைவெளியைக் கைந்நூலிற் கூறியபடி, எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் பார்த்தாற் போதும்.

மண்ணெண்ணெய் பற்றியும் கூற வேண்டும். 1990க்குப் பின்னர் போர்க்காலத் தடையினால் பெற்றோல் அரிதானபோது, கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் குடாநாட்டு மக்கள். அத்திறமையில் ஐயமில்லை. ஆயினும் பெற்றோலுக்கென அமைந்த, அமுக்கம் மிகுந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினால் சுமையேறும்போது இரும்பைத் தட்டுவது போன்ற ஒலியுடன் வெடி பிழைக்கும். எந்தத் திருத்தத்தாலும் அது முற்றாக மாறாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததோடு இவ்வாறு ஓட்டுவதிலிருந்த இலாபமும் பெரிதும் சுருங்கிற்று. இரு எரிபொருள் எஞ்சினாயின் நன்கு சூடேறியபின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக.

சிறு கொட்டிலினுள் வைத்த எஞ்சின் தன் புகையையே மீண்டும் உறிஞ்சித் திணறுவதுண்டு. வெளியே எடுத்து ஓட்டினால் அது தெரிந்துவிடும். நீர்மட்டம் தாழ்ந்ததென எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவதோ உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: கடலோரக் கிணறுகளில் முழு வேகத்தில் நெடுநேரம் இறைத்தால் உவர்நீர் மேலேறும். அங்கே நடுவேகத்திற் சீராக ஓடும் எஞ்சினே போதுமானது.

இவற்றின் பின்னும் குறை நீங்காவிடின் மெக்கானிக்கிடம் கொண்டு செல்லலாம். எவ்வேகத்தில், சூட்டிலா குளிரிலா, சுமையுடனா சுமையின்றியா தவறுகின்றது என்பதைக் குறித்துச் செல்க. குறை தோன்றிய உடனே எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் பிளக்கைக் கழற்றித் துடையாமற் கொண்டு செல்க. கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகையென்றும், வெளுத்திருந்தால் குறைவென்றும், நனைந்திருந்தால் தீப்பொறி இல்லையென்றும் அவர் பெரும்பாலும் அறிந்துகொள்வார்.