மாரடைப்பு: நாடியைத் திறந்த பிறகு எவ்வளவு இதயம் மிஞ்சும்?

"ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனிப் பயமில்லை" என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

மாரடைப்பின்போது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடியொன்று குருதிக்கட்டியால் அடைபடுகிறது. குருதி கிடைக்காத தசை ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் இறக்கத் தொடங்குகிறது. கை அல்லது தொடை நாடியூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் பொருத்துவதே அவசர சிகிச்சை. நாடியைத் திறக்கலாம், இறந்த தசையை மீட்க முடியாது. அதனால்தான் ஒரே சிகிச்சை பெற்ற இருவரில் ஒருவர் மீண்டும் வயலுக்குப் போகிறார். மற்றவருக்கு நாலு படி ஏறவே மூச்சு வாங்குகிறது.

23 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான மதிப்பீட்டின்படி, இச்சிகிச்சை பெற்றோரில் 100க்கு 7 பேரும், கட்டியைக் கரைக்கும் மருந்து பெற்றோரில் 100க்கு 9 பேரும் குறுகிய காலத்துக்குள் இறந்தனர். மீண்டும் மாரடைப்பு வந்தோர் முறையே 3, 7 பேர்.

ஆனால் நேரம் தவறினால் இந்த அனுகூலம் கரைந்துவிடும். மாரடைப்பு என உறுதியானதில் இருந்து 120 நிமிடங்களுக்குள் நாடியைத் திறக்க முடியாவிட்டால், கரைக்கும் மருந்தை உடனே ஏற்ற வேண்டும் என்பது ஐரோப்பிய இதயநோய் வைத்தியர்களின் வழிகாட்டல். முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். எனவே அருகிலுள்ள வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து, முதலில் ஊசி மருந்து ஏற்றி, பிறகு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவது இரண்டாந்தரச் சிகிச்சை அல்ல. தூர இடத்தவருக்கு அதுவே உயிர் காக்கும் வழி.

நம்மவர் பலரின் உடலில் இன்னும் எறிகணைச் சிதறல்கள் இருக்கின்றன. நெஞ்சு வலித்தால் "பழைய காயம்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு உள்ளோருக்கும் முதியோருக்கும் வலியே இல்லாமலும் வரலாம். விடியும்வரை காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வீடு திரும்பிய பின்பும் சிகிச்சை முடிவதில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை, சுகமாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் மீண்டும் அடைபடலாம். மாத்திரை முடிவதற்கு முன்பே கிளினிக் செல்லுங்கள். புகைத்தலை அன்றே விடுங்கள்.