12 மணி நேர வேலை: பத்தே நாளில் வந்தது, போனது!

காலை 8 மணிக்கு மிஷின் முன்னால் நின்றால் ராத்திரி 8 மணிக்குத்தான் "கேட்"டைத் தாண்டலாம். இதற்கு வழி திறந்த மசோதா 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழக சட்டசபையில் நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? மே 1-ந் தேதி அது வாபஸ்! அந்தப் பத்து நாளில் நடந்த ரகளையின் உள்ளே இருந்தது வெறும் அரசியல் அல்ல. ஓவர்டைம் காசு!

வெளிநடப்பு

தொழிலாளர் நல அமைச்சர் சி.வெ.கணேசன் கொண்டு வந்த மசோதா, குரல் ஓட்டில் நிறைவேறியது. எதிர்த்தது அ.தி.மு.க. மட்டும் அல்ல. தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளான காங்கிரஸ், கம்யூனிஸ்டுகள், விடுதலைச் சிறுத்தைகள் எல்லோரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கமான தொ.மு.ச.வும் "இது கூடாது" என்றது. வீட்டுக்குள்ளேயே சண்டை!

அமைச்சர்கள் சொன்ன சமாதானம் இது: "வெளிநாட்டு முதலீடு வர வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது. 4 நாள் வேலை, 3 நாள் லீவு. விருப்பப்பட்ட தொழிலாளிக்கு மட்டும்தான்."

பக்கத்துக் கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே இப்படி ஒரு திருத்தத்தை நிறைவேற்றி விட்டது. கம்பெனி அங்கே போய்விடுமே என்ற பயமும் நியாயம்தான். ஆனால் வேலை கேட்டு வாசலில் நிற்கிறவனிடம் "உனக்கு விருப்பமா?" என்று கேட்டால் அவன் என்னய்யா சொல்வான்?

கூலிக் கணக்கு

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. புதிதாகச் சேர்க்க இருந்த 65-ஏ பிரிவு, வேலை நேரம், ஓய்வு நேரம் மட்டும் அல்லாமல் இந்த இரட்டைக் கூலியில் இருந்தும் ஆலைகளுக்கு விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது.

மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக் கொள்வோம். பழைய கணக்கில் 12 மணி நேரத்துக்கு 900 ரூபாய். விலக்குக் கிடைத்தால் 720. தினம் 180 ரூபாய் போச்சு! நாலு நாளில் 720 ரூபாய். வீட்டுக்கு அரிசி, மளிகை வாங்குகிற காசு.

கம்பெனி பஸ்சில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 14 மணி நேரம். மிச்சம் இருக்கும் 10 மணியில்தான் சாப்பாடு, தூக்கம், பிள்ளை முகம் எல்லாம்.

மே தினப் பூங்கா

வேலை நிறுத்தம் செய்யப் போவதாகச் சங்கங்கள் அறிவித்தன. ஏப்ரல் 24-ந் தேதி கோட்டையில் பேச்சுவார்த்தை. அன்றே முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மசோதாவை நிறுத்தி வைத்தார். மே 1-ந் தேதி சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வாபஸ் அறிவிப்பு. சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக 100 வருஷம்!

டெல்லியில் இருந்து

கதை அதோடு முடியவில்லை. 29 சட்டங்களை நாலாகச் சுருக்கிய மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தன. முன்பு 100 பேர் உள்ள ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய அரசு அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும். 299 பேர் இருக்கிற ஆலைக்காரருக்கு நிம்மதி, ஆட்களுக்குத்தான் உதறல்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்ற இரண்டும் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் அந்த வரியைப் பாருங்கள்.