மூன்றாம் மாதத்து முடி

எங்கள் கேரள–தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துப் பெண்களுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்கள் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போவார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டிப்பெரியாறு மருமகள்கள் போடிக்கும் கம்பத்துக்கும் மலையிறங்குவார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீடு திரும்புவார்கள். வந்த கொஞ்ச நாளில் சீப்பு நிறைய முடி வரும். பழி உடனே தண்ணீர் மேல் விழும்.

தேவிகுளம் தாலுகாவில் பாதிக்காலம், சித்தூர் தாலுகாவில் பாதிக்காலம் என்று சப் சென்டர் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "சிஸ்டர், எங்கம்மா வீட்டுல இருந்தவரைக்கும் ஒண்ணுமில்லீங்க. இந்த போர்த் தண்ணியத் தலைக்கு ஊத்துனதுல இருந்து கொத்துக் கொத்தா வருதுங்க" என்று கொழிஞ்சாம்பாறையில் கேட்ட அதே புகாரை மூணாறு லயங்களில் வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். அங்கே குற்றவாளி குளிரும் மஞ்சும். சித்தூரின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பூமி. போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், சீயக்காயும் அரப்பும் போட்டாலும் தலை பிசுபிசுவென்றுதான் இருக்கும். அந்தத் தண்ணீர் முடியை வறட்டும், நுனியை ஒடிக்கும். வேர்ப்பக்கத்திலிருந்து முடியைக் கழற்றிவிடும் வேலை அதனுடையதல்ல. பெண் ஊர் திரும்பும் மாதமும் முடி உதிரும் மாதமும் ஒன்றாக வந்துவிடுகின்றன, அவ்வளவுதான். தாய்வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்த முடி உதிர்ந்திருக்கும்.

"புள்ள மூஞ்சி பாத்துச் சிரிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்று மாமியார்கள் சொல்வது தண்ணீர்க் கணக்கைவிட உண்மைக்குப் பக்கம். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டாம் மாத வாக்கில். முடி கொட்டத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காம் மாதத்துக்குள். சிரிப்பு காரணமில்லை என்றாலும், அந்தக் காலத்துப் பெண்கள் நாளை மிகச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், பிறகு வளர்ச்சியை நிறுத்தி ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருக்கும், அப்புறம் உதிரும். சாதாரண நாட்களில் இது முறை வைத்து நடப்பதால் தினம் 50 முதல் 100 முடி போவது கண்ணில் படாது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி நிற்பதால், ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகளும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஏழெட்டு மாதத்தில் ஜடை கனத்து அழகாக இருப்பது அதனால்தான். குழந்தை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குகிறது. எஸ்டேட்டில் சேர்த்து வைத்த லீவை எல்லோரும் ஒரே நாளில் எடுத்ததுபோல, தள்ளிப்போட்ட முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகிறது. அந்த ஓய்வு முடியும் மாதம்தான் மூன்றாம் மாதம். 1961இல் ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இந்த வகை உதிர்வுக்கு 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயர் வைத்தார். கடும் காய்ச்சல், பெரிய ஆபரேஷன், அதிக ரத்தப்போக்கு இவற்றுக்குப் பிறகும் இதே கணக்கில்தான் கொட்டும்.

உதிர்ந்த முடியின் அடியில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். "வேரோட வந்துருச்சு, இனி முளைக்காது" என்று அழுத பெண்களை எண்ணி முடியாது. அது வேர் அல்ல, ஓய்வெடுத்து முடித்த முடியின் கடைசி நுனி. வேர்க்குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் புது முடி கீழிருந்து கிளம்பத் தொடங்கியிருக்கும். மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால் கண்ணுக்குத் தெரிய நாளாகும். அநேகமாக எல்லோருக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உதிர்வு தானாக அடங்கிவிடும்.

அதற்குள் வீட்டில் நடக்கும் வைத்தியம்தான் எனக்குக் கவலை. பிள்ளைக்குப் பால் கொடுப்பதால்தான் முடி போகிறது என்று யாரோ சொல்ல, புட்டிப்பாலுக்கு மாறிவிடுவார்கள். ஏற்கெனவே ஓய்வுக்குப் போய்விட்ட முடி, பாலை நிறுத்தினால் திரும்ப ஒட்டிக்கொள்ளாது. செம்பருத்தித் தாளி, வெந்தயம், காய்ச்சிய எண்ணெய் எல்லாம் தலைக்கு இதமாக இருக்கும், தேய்த்துக்கொள்ளட்டும். உதிர்வை நிறுத்தும் என்று நம்பி ஆயிரக்கணக்கில் எண்ணெய் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் முட்டையும் மத்தி மீனும் வாங்கலாம். பத்தியம் என்ற பெயரில் கீரையையும் பருப்பையும் மீனையும் தாயின் தட்டிலிருந்து எடுத்துவிடும் பழக்கத்தை நான் வேலையில் இருந்த காலம் முழுக்க எதிர்த்திருக்கிறேன், இன்றும் எதிர்க்கிறேன். வட்டவடை, காந்தல்லூர்ப் பூண்டு பால் ஊறத் தருகிறார்கள், சரி. கூடவே துவரை, ராகி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டையும் தரவேண்டும்.

உதிர்வை நீளவும் கடுமையாகவும் ஆக்குவது பல சமயம் ரத்தக்குறைவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கேரளத்தில் நூற்றுக்கு 36 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் ரத்தசோகை. 2018இல் வந்த 'அனீமியா முக்த் பாரத்' திட்டப்படி, பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். எங்கள் பெண்களுக்கு இது அறுந்துபோவது செக்போஸ்ட்டில். தாய்வீட்டு ஊரில் கொடுத்த மாத்திரை பையோடு தீர்ந்துவிடும். இங்கே வந்து மறுபடி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொன்னாலும் மலையாளத்தில் சொல்லியிருப்பார்கள்.

மாத்திரை இருந்தும் பலன் இல்லாமல் போவது தேயிலைத் தோட்டத்தில். சோறு முடிந்ததும் கட்டஞ்சாயா குடிக்காவிட்டால் அங்கே யாருக்கும் கை ஓடாது. தேயிலையில் உள்ள டானின், சோற்றிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாது. சாயாவை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை ஓடையில் போடாதீர்கள், அது இயல்பு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தாயின் தலையோடு நிற்பதில்லை. உதிர்ந்த முடி குழந்தையின் கால்விரலில், கைவிரலில், ஆண்பிள்ளையின் குறியில் சுற்றிக்கொள்ளும். மலையில் குளிருக்காகச் சாக்ஸும் கையுறையும் போட்டே வைத்திருப்பதால், உள்ளே முடி சுற்றி விரல் சிவந்து வீங்குவது வெளியே தெரியாது. ரத்த ஓட்டம் நின்று விரலுக்கே ஆபத்து வரலாம். பால் கொடுத்தும் தூக்கியும் அடங்காமல் பிள்ளை அழுதால், துணியெல்லாம் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். முடி தெரிந்து எளிதாக எடுக்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. சாக்ஸை உள்புறம் திருப்பித் துவைத்து, போடுமுன் தடவிப் பாருங்கள். பிள்ளையைத் தூக்கும்போது தலையைத் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டினால் இன்னும் கொட்டும்.

நிரந்தரத் தொழிலாளிக்கு 2017 முதல் முதலிரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் அடைபட்டு ஏலத்தோட்டத்துக்கு வரும் நாள்கூலிப் பெண்ணின் கைக்கு அது வருவதில்லை. அவள் மூன்றாம் மாதமே பிள்ளையைக் கிழவியிடம் விட்டுவிட்டுக் காடேறுகிறாள். அவளிடம் "நன்றாகத் தூங்கு, சத்தாகச் சாப்பிடு" என்று சொல்லும்போது என் வயிறு எரியும். அவளுக்கு மாத்திரையாவது ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு 14ஆம் வாரத் தடுப்பூசி போட வருவீர்களே, அதுதான் முடி கொட்டும் காலமும். எந்த மாநிலத்து அட்டை என்று கூச்சப்படாமல் கொண்டுவாருங்கள். பிள்ளையின் எடையோடு உங்கள் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள், 12க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. மீதி நாளுக்கான மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு வரும்போதும் அதே வேகத்தில் கொட்டுகிறது, வட்டம் வட்டமாக வழுக்கை விழுகிறது, கூடவே படபடப்போ தீராத அசதியோ கழுத்து வீக்கமோ இருக்கிறது என்றால் டாக்டரிடம் தைராய்டு பரிசோதனை கேளுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய முதல் வருடத்தில் தைராய்டு கெடுவது அரிதல்ல. கடையில் வாங்கிய பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டிவிடும். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய், பிறகு பாலே ஊறாமல், மாதவிலக்கும் வராமல், அக்குள் முடியும் கொட்டியிருந்தால் ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள்.