வீட்டுக்குள் ஒரு சின்னப் பட்டறை

சில வீடுகளில் ஆண்களுக்குச் சீட்டாட்டம். சில வீடுகளில் கிரிக்கெட். இன்னும் சில வீடுகளில், எண்ணிக்கை குறைவுதான், சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே மூலை மேஜைக்குப் போய்ச் சூடேறிய சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒயர், ஸ்க்ரூ, பழைய ரேடியோவின் வயிற்றிலிருந்து பிடுங்கிய சாமான்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கலர் கோடு போட்ட ரெசிஸ்டர்கள்... "இந்தக் குப்பையை எப்பத்தான் ஒழிப்பீங்க?" என்று நாமும் கேட்போம். "ஞாயித்துக்கிழமை" என்று பதில் வரும். எந்த ஞாயிறு என்று மட்டும் வராது!

இவர்களில் ஒரு வகையினர் 'ஹாம்' ரேடியோக்காரர்கள். அரசாங்கம் நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தமக்கென்று ஓர் அழைப்புக் குறியும் பெற்று, ஒயர்லெஸ் செட் மூலம் உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் இன்னொரு ஹாமுடன் பேசுகிறவர்கள். பேசுவதுதான் இவர்களுடைய பொழுதுபோக்கு. ஆனால் வெளிநாட்டு செட்டை லேசில் வரவழைக்க முடியாதிருந்த நாட்களில், பலர் தம் செட்டைத் தாமே கட்டிக்கொண்டார்கள். சென்னைக்காரர்கள் என்றால் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான் சேர்ப்பார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம், 'பிட்எக்ஸ்' என்று ஒரு செட்டுக்கு வழி சொன்னபோது, கம்பிச் சுருள் சுற்றத் தேவையான வளையம் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது என்று, குழாய்க்குப் போடுகிற வாஷரிலேயே சுற்றிக் காட்டினார். சமையலறைக் குழாய் வாஷர் கடல் கடந்து பேசியது!

இப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? செட் வேலை முடிந்த பிறகு, அதே மேஜையில் வீட்டுக்கென்று ஏதாவது முளைக்கும். ஒயர்லெஸ் எனக்கு அவ்வளவாகப் புரியாது. இந்தக் கொசுறு சாமான்கள்தான் அடுப்படிக்கும், பெரியவர்களின் கட்டிலுக்கும், குழந்தையின் கைக்கும் வந்து சேருகின்றன. ஆகவே அவற்றை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

தொட்டி நிறைஞ்சா மணி அடிக்கும்

முதல் பரிசு மாடித் தொட்டி அலாரத்துக்குத்தான். மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழந்தைக்குச் சோறூட்ட உட்கார்ந்தால் தண்ணீர் தெருவரை ஓடுவது வீட்டுக்கு வீடு நடப்பது. இந்த அலாரத்தின் சூட்சுமம் ரொம்ப எளிது. இரண்டு கம்பி நுனிகளைத் தொட்டியின் மேல்மட்டத்தில் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுகிறார்கள். தண்ணீர் ஏறி இரண்டையும் நனைத்ததும், அதன் வழியாகத் துளியூண்டு மின்சாரம் ஓடும். நம் போர் தண்ணீரில் உப்பு உண்டே, அதனால் நன்றாகவே ஓடும். ஆனால் அந்தத் துளி, மணியடிக்கப் போதாது. அதற்காக நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். மிளகு அளவில் மூன்று கால்களோடு இருக்கும், பி.சி.547 என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். துளி மின்சாரம் பட்டவுடன் அது வாசலைத் திறந்து, 9 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தைப் பஸ்ஸருக்குள் விட்டுவிடும். 'கீ...' என்று சத்தம் கேட்டதும் நாம் போய் மோட்டாரை நிறுத்த வேண்டியது.

உங்கள் வீட்டில் செய்தால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். தொட்டிக்குள் தொங்குவது செம்புக் கம்பியாக இருந்தால் கொஞ்ச நாளில் களிம்பேறி அரித்துப் போகும். எவர்சில்வர் போல்ட் இரண்டு வைத்தால் வெகு நாள் உழைக்கும்.

அடுத்தது, எனக்கு இன்னும் பிடித்தது, கட்டில் மணி. எழுந்து நடக்க முடியாத பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் கூப்பிடுவது குக்கர் சத்தத்தில் நமக்கு எங்கே கேட்கிறது? கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கும் தொண்டை வறளும், மனசும் நோகும். தலையணை ஓரத்தில் ஒரு பட்டன், அங்கிருந்து சமையலறைக்கு ஒயர், பேட்டரியில் ஒரு பஸ்ஸர். ஒரு மணி நேர வேலைதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டிக்குக் காது மந்தம். மருமகள் வெளியே போயிருக்கும்போது வாசல் மணி அடித்தால் கேட்காது. பேரன் அந்த மணியோடு பாட்டியின் நாற்காலிக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கைச் சேர்த்துவிட்டான். விளக்கு மினுக்கினால் பாட்டி எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். "யாரும் வரலேன்னு நினைச்சிண்டிருந்தேன்டீ, எல்லாரும் வந்துண்டுதான் இருந்திருக்கா!" என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேட்டரியோடு நிற்கட்டும்

மேலே சொன்னவை எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. ஈரக் கையோடு தொட்டாலும் ஷாக் அடிக்காது. வம்பு எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? "அடிக்கடி பேட்டரி மாத்தணுமே, நேரா கரண்ட்லயே கொடுத்துடறேன்" என்று அவர் கிளம்பும்போது! டிரான்ஸ்பார்மர் இல்லாமல், ஒரு கண்டென்சரை மட்டும் வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கிற குறுக்கு வழி ஒன்று உண்டு. செலவு கம்மி என்பதால் பலருக்கும் ஆசை. அதில் விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும், எல்லாம் சரி. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்பியும் வீட்டு மின்சாரத்தோடு நேர்த் தொடர்பில் இருக்கும். பெட்டி கொஞ்சம் விரிந்து ஒரு பிஞ்சு விரல் உள்ளே போனால் போதும். பேட்டரி வேண்டாமென்றால் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ள நல்ல செல்போன் சார்ஜர் ஒன்றில் ஓட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து வருவது 5 வோல்ட்தான். கூடவே, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் கண் இமைக்கும் நேரத்தில் அணைந்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் மெயின் போர்டில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து அதன் டிரான்ஸ்பார்மரை எடுத்து ஏதோ செய்கிறேன் என்றால், தயவுதாட்சண்யமே வேண்டாம், கூடாதென்று சொல்லிவிடுங்கள். அதிலிருந்து சுமார் 2,000 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த டிரான்ஸ்பார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் போலக் கோலம் சுடப்போய் வெளிநாடுகளில் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். அங்கே ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது.

எந்த ஈயம்?

சால்டர் வைக்கும்போது புகை வருகிறதே, அது ஈயப் புகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. உள்ளே இருக்கும் பைன் மரப் பிசின்தான் புகைகிறது. அதுவும் நல்லதல்ல, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரும். ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, புகை வெளியே போகும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சரி.

ஈயம் சேருவது கை வழியாகத்தான். "நாங்க ஈயச் சொம்பிலேயே ரசம் வைக்கிறோமே, என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. ரசச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். சாதாரண சால்டர் கம்பியில் 60 பங்கு வெள்ளீயத்தோடு 40 பங்கு காரீயமும் கலந்திருக்கும். இந்தக் காரீயம்தான் விஷம். வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும்; கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுச் சிசுவுக்கும் போகும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் அந்த மேஜையில் காபி டம்ளர், முறுக்குத் தட்டு எதுவும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் குழந்தையைத் தூக்கணும். சிதறின துணுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசியாகப் பறக்கும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த மூலையைச் சுத்தம் செய்யும் வேலையைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிடலாம். காரீயம் கலக்காத சால்டர் கம்பியும் கடையில் கிடைக்கிறது. உருக்க இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், அவ்வளவே. இன்னொன்று: ஓட்டை விழுந்த பாத்திரத்தை "இங்கே கொடு, ஒரு பொட்டு வச்சுத் தர்றேன்" என்று அன்போடு கேட்பார்கள். கொடுக்காதீர்கள்! பட்டறை சால்டர் பட்ட பாத்திரம் சமையலுக்கு உதவாது.

பட்டன் பேட்டரி: இதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கள்

பட்டறை மேஜையில் எனக்கு மிகவும் பயமானது கொதிக்கிற அயர்ன் கூட இல்லை. காசு மாதிரி பளபளக்கும் லித்தியம் பட்டன் பேட்டரிதான். கடிகாரம், ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் பொம்மை எல்லாவற்றிலும் இருப்பதால், பட்டறையே இல்லாத வீட்டிலும் இது உண்டு. 20 மில்லி மீட்டர் அகலமுள்ள பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகி, சதையை அரிக்கத் தொடங்கும். இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஆகிவிடலாம். கடிகாரத்தை ஓட்டச் சக்தியில்லாமல் கழற்றிப் போட்ட 'செத்த' பேட்டரிக்கும் இதற்குப் போதுமான சக்தி இருக்கும்.

குழந்தை விழுங்கியதை யாரும் பார்த்திருக்க வேண்டுமென்பதில்லை. திடீரென்று எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல், வாந்தி என்று சளிக் காய்ச்சல் மாதிரியே தோன்றும். சில சமயம் ஒன்றுமே தெரியாது. சந்தேகம் வந்தாலே, எக்ஸ்ரேயும் உள்ளே குழாய் விட்டு எடுக்கும் வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். "பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோறு எதுவும் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு தேன். ஒரு வயது நிறைந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 தடவை கொடுக்கலாம் என்று விஷமுறிவு மருத்துவர்கள் சொல்கிறார்கள். தேன் அந்த இடத்தில் படிந்து அரிப்பைத் தாமதப்படுத்துகிறது. தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விடாமல் டாக்டரிடம் போங்கள்.

புதிய பேட்டரிகள் பூட்டு வைத்த டப்பாவில், உயரத்தில் இருக்கட்டும். தீர்ந்தவற்றின் இரு பக்கமும் டேப் ஒட்டித்தான் அப்புறப்படுத்தணும். பட்டறையில் செய்யும் சாமானில் பட்டன் பேட்டரி வைப்பதாக இருந்தால், மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். அழுத்தினால் திறக்கும் மூடி வேண்டாம்.

நாமும் உட்காரலாமே!

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இந்த வேலை ஒன்றும் பெரிசில்லை. 2016-ல் 'பிட்எக்ஸ்40' என்று புது செட் வந்தபோது, அதன் கம்பிச் சுருள்களைக் கையால் சுற்றிக் கொடுத்தது பெண்கள் குழு ஒன்றுதான். 2004 டிசம்பரில் போர்ட் பிளேருக்குக் குழுவோடு ஹாம் ரேடியோ நடத்தப் போயிருந்த பாரதி பிரசாத், 26-ஆம் தேதி சுனாமி வந்து டெலிபோன் எல்லாம் செத்துப்போன சமயத்தில், அங்கிருந்தே தம் செட் மூலம் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார். தம் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தவித்துக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் குரல் வழியாகத்தான் பதில் கிடைத்தது.

வீட்டில் பத்து வயதுப் பெண்ணோ பையனோ "நானும் செய்யறேம்மா" என்று வந்தால் அயர்னைக் கையில் கொடுக்க வேண்டாம். சால்டரே தேவைப்படாமல் ஒயர்களைச் செருகினால் போதும் என்கிற பிரெட் போர்டு கடையில் கிடைக்கும். அதனோடு டார்ச்சுக்குப் போடும் சின்ன செல் இரண்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள். எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ் பக்கம் வர வேண்டும். மாற்றிச் செருகினால் எரியாது; ஆனால் கெட்டும் போகாது. எடுத்துத் திருப்பிச் செருகச் சொல்லுங்கள்.