புயல் கரையில் வீடும் ஏறிக்கொண்டே போகும் பிரீமியமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரு பிள்ளையாவது பெண்ணாவது அமெரிக்காவில் இருக்கக் காண்கிறோம். அவர்களில் டாம்பா, ஆர்லாண்டோ, மயாமி, ஹூஸ்டன் என்று தெற்குப் பக்கம் வேலை கிடைத்துப் போய், அங்கேயே கடன் வாங்கி வீடும் வாங்கியவர்கள் சிலர். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முப்பது வருஷக் கடன், வட்டி மாறவே மாறாது என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறான் பாங்க்காரன்? அப்படியிருக்க மாதத் தவணை மட்டும் எப்படி ஏறுகிறது?"

பாங்க் ஏமாற்றவில்லை. அங்கே கடன் கொடுத்தவர், அசலும் வட்டியும் போக, வீட்டு வரியையும் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் சேர்த்தே வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் இருக்கும். உரிய நாளில் அவரே வரியையும் பிரீமியத்தையும் கட்டிவிடுவார். அசலும் வட்டியும் மாறாது. இந்த இரண்டும் மாறும். ஓர் உதாரணக் கணக்கு போடலாம். பிரீமியம் வருஷத்துக்கு 3,000 டாலர் என்று மாதம் 250 டாலர் வசூலித்து வந்தார்கள். புதுப் பில் 5,400 டாலர் என்று வந்தது. துண்டு விழுந்த 2,400 டாலரைப் பாங்க் முதலில் கட்டிவிட்டு, அதை அடுத்த பன்னிரண்டு மாதத்தில் மாதம் 200 டாலராகத் திரும்ப வாங்கும். இனிமேலுள்ள பிரீமியத்துக்கு மாதம் 450 டாலர். ஆகவே 250 இருந்த இடத்தில் அந்த வருஷம் 650. பிள்ளை ஃபோனில் புலம்புவதில் ஆச்சரியமில்லை. "வேண்டாம், இன்ஷூரன்ஸையே விட்டுவிடுகிறேன்" என்றும் சொல்ல முடியாது. பாலிசி விட்டுப்போனால் கடன் கொடுத்தவரே ஒரு பாலிசி எடுத்து அதன் செலவை இவர் தலையில் வைப்பார். அது பெரும்பாலும் விலை கூடியது. பாதுகாப்பதும் பாங்கின் கடனைத்தான், வீட்டிலுள்ள சாமான்களை அல்ல.

சரி, பிரீமியம் ஏன் இப்படி ஏறுகிறது? இன்ஷூரன்ஸ் என்பது அடிப்படையில் பலர் சேர்ந்து போடும் பொதுப்பணம். பதினாயிரம் வீடுகளில் ஒரு வருஷத்தில் பத்து வீடு தீப்பிடிக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தால், பத்து வீட்டின் நஷ்டத்தைப் பதினாயிரம் பேருக்குப் பங்கிட்டு, மேலே நிர்வாகச் செலவும் லாபமும் வைத்தால் போதும். ஒரு வீடு எரிவதற்கும் இன்னொரு ஊரில் வேறொரு வீடு எரிவதற்கும் தொடர்பில்லை என்பதால் கணக்கு அதிகம் பிசகாது. புயல் அப்படியல்ல. இருபது வருஷம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே இரவில் ஒரு மாவட்டம் முழுவதும் கூரையை இழந்து நிற்கும். வருஷ வசூலைக் கொண்டு அந்த ஓர் இரவைச் சமாளிக்க முடியாது.

இதை அமெரிக்கக் கம்பெனிகள் கற்றுக்கொண்டது 1992 ஆகஸ்ட் 24 அன்று. மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் ஆண்ட்ரூ புயல் கரையேறியது. 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் அடியோடு போயின. ஒரு லட்சத்துக்கு மேல் சேதமாயின. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்த தொகை மட்டும் சுமார் 1,550 கோடி டாலர். பல கம்பெனிகள் திவாலாயின. அதுவரை அவர்கள் கடந்த சில பத்தாண்டு நஷ்டங்களின் சராசரியை வைத்தே பிரீமியம் நிர்ணயித்து வந்தார்கள். கேரன் கிளார்க் என்ற பெண்மணி 1987-லேயே கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓடவிட்டு நஷ்டத்தை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்திருந்தார். ஆண்ட்ரூ கரையேறிய சில மணி நேரத்தில், நஷ்டம் 1,300 கோடி டாலரைத் தாண்டலாம் என்று அவர் தம் வாடிக்கையாளர்களுக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். பலர் நம்பவில்லை. பிறகு நம்பாமல் முடியவில்லை. இன்று அந்த வகைக் கணக்கு இல்லாமல் கடலோரத்தில் யாரும் பாலிசி விலை வைப்பதில்லை. வீடு கடலிலிருந்து எத்தனை தூரம், எந்த வருஷம் கட்டியது, கூரை எப்படி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் நுழைகிறது.

அடுத்தது மறுகாப்பீடு, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் இன்ஷூரன்ஸ். ஃப்ளோரிடாவில் தொழில் செய்யும் கம்பெனிகள் பலவும் சிறியவை. தம் பாரத்தில் பெரும் பகுதியை பெர்முடா, லண்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று உலகச் சந்தையில் உள்ள மறுகாப்பீட்டாரிடம் இறக்கிவைக்கின்றன. இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை புதுப்பிக்கப்படும் நாள் ஜூன் 1. அட்லாண்டிக் புயல் பருவம் தொடங்குவதும் அன்றே. முடிவு நவம்பர் 30. உலகத்தில் எங்கோ பூகம்பமோ காட்டுத்தீயோ வந்து மறுகாப்பீட்டாரின் கை கடித்தால், அந்த வருஷம் டாம்பாவில் இருக்கும் பிள்ளையின் பில்லும் ஏறும்.

2004-ல் சார்லி, ஃபிரான்ஸஸ், ஐவன், ஜீன் என்று நான்கு புயல்கள் ஃப்ளோரிடாவை அடித்தன. 2005-ல் கத்ரீனாவும் வில்மாவும். அதன்பின் 2016-ல் ஹெர்மின் வரும்வரை ஏறக்குறைய பதினோரு வருஷம் ஒரு ஹரிக்கேன்கூட அந்த மாநிலத்தில் கரையேறவில்லை. அந்த அமைதியில் மக்கள் கடலோரத்தில் கட்டித் தள்ளினார்கள். பிறகு 2017-ல் இர்மா, 2018-ல் மைக்கேல், 2022-ல் ஐயன், 2023-ல் இடாலியா, 2024-ல் இரண்டு வாரத்துக்குள் ஹெலீனும் மில்டனும். ஐயன் ஒன்றின் மொத்த நாசமே 11,000 கோடி டாலருக்கு மேல். கடல் சூடேறுவதால் புயல் வலுவாகிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் என் பார்வையில் பில் ஏறியதற்குப் பெரிய காரணம், புயல் வரும் பாதையில் முன்னைவிட அதிக வீடுகள், அதிக விலையில் நிற்பதுதான். 2021-க்குப் பிறகு மரமும் கூலியும் ஏறியதும் சேர்ந்துகொண்டது. பாலிசி மனையின் சந்தை விலைக்கு அல்ல, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவுக்கு மட்டும் உரிய இன்னொரு வியாதி வழக்கு. 2019-ல் நாடு முழுவதும் வந்த வீட்டு இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளில் சுமார் 8 சதவீதமே அங்கே. ஆனால் வழக்குகளில் 76 சதவீதம் அங்கே என்று அந்த மாநிலத்து இன்ஷூரன்ஸ் கண்காணிப்பு அலுவலகமே சொன்னது. வீட்டுக்காரர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் ஃபீஸையும் கம்பெனி கொடுக்க வேண்டும், தோற்றால் அவர் கம்பெனிக்கு ஒன்றும் தர வேண்டாம் என்று 1893-லிருந்து ஒரு சட்டம் இருந்தது. எளியவரைக் காக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் கூரை வேலை செய்யும் கான்டிராக்டர்கள் வீடு வீடாகப் போய், கோரிக்கை உரிமையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு வழக்குப் போடும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. 2022 டிசம்பரில் சட்டசபை இரண்டையும் நிறுத்தியது. இதில் கம்பெனிகள் பக்கம் முழு நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையான கோரிக்கையை இழுத்தடிக்கும் கம்பெனியோடு மோத, சாமானியனுக்கு இருந்த ஆயுதமும் அதோடு போயிற்று.

தனியார் கம்பெனி எதுவும் பாலிசி தராதபோது போகும் இடம் சிட்டிஸன்ஸ் என்ற மாநில அமைப்பு. 2002-ல் ஏற்பட்டது. 2023-ல் அதனிடம் 14 லட்சத்துக்கு மேற்பட்ட பாலிசிகள் இருந்தன. புதுக் கம்பெனிகள் வந்து எடுத்துக்கொண்டதால் 2024 கடைசியில் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கிற்று. கவனிக்க வேண்டியது வேறு. அதற்குப் பணம் போதாவிட்டால் மாநிலத்தில் மற்றவர்களின் பாலிசிகள் மீதும், கார் இன்ஷூரன்ஸ் உட்பட, கூடுதல் வசூல் போட அதற்கு அதிகாரம் உண்டு. 2005 புயல்களுக்கான அந்த வசூல் 2015 வரை நடந்தது. உள்நாட்டில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழைய கார் ஓட்டுபவர், கடற்கரை மாளிகைக்காரருக்குப் பல வருஷம் பங்கு கொடுத்தார் என்று அர்த்தம். விலையை அரசு அமுக்கி வைத்தால் பாரம் மறைவதில்லை, வேறு தோளுக்கு மாறுகிறது.

பிரீமியத்தைவிட அதிகம் அடிபடுவது இரண்டு இடங்களில். முதலாவது ஹரிக்கேன் டிடக்டிபிள், அதாவது நஷ்டத்தில் நாமே தாங்க வேண்டிய முதல் பங்கு. சாதாரணச் சேதத்துக்கு இது ஆயிரம் இரண்டாயிரம் டாலராக இருக்கும். ஹரிக்கேனுக்கு மட்டும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2, 5 அல்லது 10 சதவீதம் என்று இருக்கும். சேதத்தில் சதவீதம் அல்ல, காப்பீட்டுத் தொகையில். நான்கு லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 5 சதவீதம் என்றால் 20,000 டாலர். கூரை பெயர்ந்து 15,000 டாலர் செலவானால் கம்பெனி ஒரு காசும் தராது. பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் பிள்ளைகள் இந்தச் சதவீதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தொகையைத் தனியே பாங்கில் போட்டு வைத்திருந்தால் அது சரியான ஏற்பாடு. இல்லாவிட்டால் சூதாட்டம்.

இரண்டாவது வெள்ளம். நம் நாட்டில் 2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, புயல், வெள்ளம் எல்லாம் ஒன்றாக அடக்கம். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க வீட்டுப் பாலிசியில் காற்று உண்டு, வெள்ளம் கிடையாது. கடல் பொங்கி உள்ளே வந்தாலும் அது வெள்ளமே. அதற்கு 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். உச்சவரம்பு வீட்டுக்கு இரண்டரை லட்சம் டாலர், சாமான்களுக்கு ஒரு லட்சம். கத்ரீனாவுக்குப் பிறகு மிஸிஸிப்பி கரையில் தரைத்தளம் மட்டும் மிஞ்சி நின்ற வீடுகளில், காற்று கொண்டுபோனதா தண்ணீர் கொண்டுபோனதா என்று வருஷக்கணக்கில் கோர்ட்டில் வாதாடினார்கள்.

இனி கூரை. இதில் கொஞ்சம் நின்று பேச அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். ரயில்வேயில் பிளாட்பாரக் கூரைகளோடு பல வருஷம் மல்லாடியவன் நான். காற்று கூரையை அழுத்தும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்; தட்டையான, சரிவு குறைந்த கூரையைக் காற்று மேலே இழுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுப்பு மிக அதிகம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. போதாக்குறைக்கு ஒரு ஜன்னலோ கராஜ் கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கீழிருந்தும் கூரையைத் தள்ளும். மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல். எனவே ஜன்னலுக்குப் போடும் ஷட்டர் கண்ணாடிக்காக மட்டுமல்ல, கூரைக்காகவும்தான்.

ஆண்ட்ரூவுக்குப் பின் சேதத்தைப் பார்வையிட்ட எஞ்சினீயர்கள், ப்ளைவுட் பலகைகளைப் பொருத்த அடித்த ஸ்டேப்பிள்கள் பல இடங்களில் கீழே உள்ள மரச்சட்டத்தில் இறங்காமல் வெறும் பலகையையே துளைத்து நின்றதைக் கண்டார்கள். மேஸ்திரியும் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரும் பார்க்கவில்லை. அதன் பலனாக 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி வந்தது. வீடு 2002-க்கு முன்னா பின்னா என்பது பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் செய்வது இதனால்தான். 2018-ல் மைக்கேல் அடித்த மெக்ஸிகோ பீச்சில் சுற்றிலும் எல்லாம் தரைமட்டமாக, கான்க்ரீட்டில் ஆழமான தூண்களின் மேல் கட்டிய ஒரு வீடு ஏறக்குறைய அப்படியே நின்ற படத்தைப் பலர் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள்.

ஆகவே பிள்ளை ஃப்ளோரிடாவில் வீடு பார்க்கிறேன் என்றால், எத்தனை பெட்ரூம் என்று கேட்பதற்கு முன் கூரையைப் பற்றிக் கேளுங்கள். எந்த வருஷம் போட்டது? நான்கு பக்கமும் சரிவா, அல்லது இரு பக்கச் சரிவும் முக்கோணச் சுவருமா? நான்கு பக்கச் சரிவுக்குக் காற்றின் பிடி குறைவு, கழிவும் உண்டு. கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டுவது வெறும் ஆணியா, சட்டத்தின் மேலே சுற்றிவரும் இரும்புப் பட்டையா? இவற்றையெல்லாம் பார்த்து, காற்றுத் தாங்கும் தன்மை பற்றிக் குறிப்பிட்ட படிவத்தில் எழுதித் தரும் லைசென்ஸ் பெற்ற இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தைக் கொடுத்தால் பிரீமியத்தில் கழிவு தர வேண்டும் என்பது சட்டம். வாங்கியபின் அல்ல, வாங்குமுன்பே இந்தப் பரிசோதனையும் பிரீமியம் விலைக் குறிப்பும் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஃப்ளோரிடா அரசின் திட்டம் ஒன்றில், வீட்டுக்காரர் ஒரு டாலர் போட்டால் அரசு இரண்டு டாலர் போடும்; அதிகபட்சம் பதினாயிரம் டாலர். நிதி இருக்கும்போது மட்டுமே விண்ணப்பம் வாங்குவார்கள். அலபாமாவிலும் கூரையைப் பலப்படுத்த இதுபோன்ற மானியம் உண்டு. டெக்ஸாஸ் கடலோரத்தில் காற்றுக்கே தனி அமைப்பிடம் பாலிசி எடுக்க வேண்டியிருக்கும். அங்கே இருப்பவர்கள் தம் பாலிசியில் காற்று சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நலம்.

எல்லாம் புயல் பருவத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். வெள்ளப் பாலிசி எடுத்தால், வீடு வாங்கும் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, அது நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். காற்றுக்கோ, வளைகுடாவில் புயல் உருவாகி அது இன்ன திசை என்று அறிவித்துவிட்டால் கம்பெனிகள் புதுப் பாலிசி எழுதுவதையும், உள்ள பாலிசியில் தொகையைக் கூட்டுவதையும் நிறுத்திவிடும். புயல் கடந்து போன பிறகுதான் மறுபடி கவுண்டர் திறக்கும்.